கை தூக்கினாள், சொன்னாள், உட்கார்ந்து ஆடினாள்

என் மகள் செஸ்ஸில் ஜெயித்த ஆட்டங்களைப் பற்றி நான் அதிகம் எழுதியதில்லை. கோப்பையோடு நிற்கிற படத்தைப் போட்டு இரண்டு வரி எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் சமீபத்தில் அவள் தோற்ற ஒரு ஆட்டத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். அவளை நினைத்து நான் இந்த அளவுக்குப் பெருமைப்பட்ட நாள் வேறு எதுவும் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. பதினொரு வயதுப் பெண். அன்று அவளுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் சந்தேகமில்லை. அந்த அநியாயத்தை அவள் எப்படி எதிர்கொண்டாள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

செஸ் தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு காயைத் தொட்டுவிட்டால் அந்தக் காயைத்தான் ஆட வேண்டும். அதை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் ஆடியது ஆடியதுதான், திரும்ப எடுக்க முடியாது. வீட்டில் விளையாடும்போது "சரி சரி, மாத்திக்கோ" என்று விட்டுவிடலாம், போட்டியில் நடக்காது. எதிரே இருப்பவர் இந்த விதியை மீறினால் அப்போதே சொல்ல வேண்டும். நம் காய் ஒன்றை ஆடுவதற்காக நாம் தொட்டுவிட்டோம் என்றால் அதற்கப்புறம் புகார் சொல்லும் உரிமை போய்விடும். சொல்வதற்கும் முறை உண்டு: இரண்டு பேருடைய யோசிக்கும் நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுகிற கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும், எதிரே இருப்பவரோடு நேராகச் சண்டை போடக் கூடாது.

கடைசிச் சுற்று. இவளுக்கு எதிரே ஒரு பையன், இவளைவிட இரண்டு வயதாவது சின்னவனாக இருப்பான். ஆட்ட அறைக்குள் பெற்றோரை விட மாட்டார்கள், அதனால் கதவில் இருந்த கண்ணாடி வழியாகத்தான் நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவளுடைய பலகை என் பார்வைக்குப் பாதிதான் தெரிந்தது. ஒரு கட்டத்தில் இவள் கடிகாரத்தை நிறுத்தினாள், கை மேலே போனது. நடுவர் வந்தார். இவள் பலகையைக் காட்டி ஏதோ சொன்னாள், பையன் தலையை வேகமாக ஆட்டினான், நடுவர் இவளைப் பார்த்து விரலை நீட்டிப் பேசினார். அப்புறம் கடிகாரத்தை எடுத்து ஏதோ மாற்றி வைத்துவிட்டுப் போனார். இவள் ஒரு நிமிடம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். யோசிக்காமல் அவசரப்பட்டுக் காயைத் தொட்டுவிடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே அவளுடைய கோச் பழக்கிவிட்ட வழக்கம் அது.

என்ன நடந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பையனுடைய பிஷப் ஒன்று (மூலைவிட்டமாகப் போகிற காய்) அவன் ராணிக்குக் காவலாக நின்றிருக்கிறது. அதை அவன் வேறு மூலைவிட்டத்தில் நகர்த்தி வைத்துக் கையையும் எடுத்துவிட்டான். ராணி அநாதையாக நிற்கிறது. போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும், என் மகள் அந்த நகர்த்தலைத் தன் தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போதே பிஷப் அவன் கையில் திரும்ப ஏறி, ராணிக்குக் காவல் கெடாத வேறு கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. இவள் தன் காய் எதையும் தொடவில்லை. கடிகாரத்தை நிறுத்தினாள், கை தூக்கினாள், எல்லாம் விதிப்படி. நடுவர் வந்து பையனைக் கேட்டார், அவன் "நான் கையை எடுக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டான். வேறு யாரும் பார்க்கவில்லை. சரி, இதுவரைக்கும் நடுவரைக் குறை சொல்ல முடியாது, தன் கண்ணால் பார்க்காத ஒன்றை அவர் எப்படித் தீர்மானிப்பார்? அதற்கப்புறம் நடந்ததுதான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது. தேவையில்லாமல் புகார் சொல்லி எதிராளியைத் தொந்தரவு செய்கிறாய் என்று இவளைக் கண்டித்து, தண்டனையாக அந்தப் பையனுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். இவள் எழுதி வைத்திருந்த தாள் பலகைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. முதலில் எழுதிய நகர்த்தல் அதில் இருந்தது. அதை அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை. இவள் "சார், இதுல எழுதியிருக்கேன்" என்று காட்டியும் பார்க்கவில்லை.

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. கறுப்புக் காய்களுக்கான வரிசையில் ஒரு கட்டத்தில் மட்டும் ஒரு நகர்த்தலை எழுதி, அதன் மேல் ஒரே ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் இடமில்லாத இடத்தில் குட்டி எழுத்தில் இன்னொரு நகர்த்தல். மற்ற வரிகள் எல்லாம் எப்போதும் போல் அவளுடைய உருண்டை எழுத்து. அந்த ஒரு கோட்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கோபத்தில் கிறுக்கவில்லை, பேனாவை அழுத்திக் கிழிக்கவில்லை. அதற்குக் கீழே உள்ள வரிகளிலும் எழுத்து மாறவில்லை.

ஆட்டத்தில் தோற்றாள். நேரம் நெருக்கிய சமயத்தில் ஒரு சிப்பாய் ஓடி வருவதைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். முடிந்ததும் கை நீட்டிக் குலுக்கினாள், இரண்டு பேரும் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும், போட்டாள். அநியாயமாகத் தோற்றுப்போன ஒரு ஆட்டத்துக்கு, ஆமாம் தோற்றேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியவர்களே எத்தனை பேர் அந்த இடத்தில் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்போம்!

வெளியே வந்து நடந்ததை என்னிடம் சொன்னாள். குரல் நடுங்கியது, கண் கலங்கியிருந்தது, ஆனால் ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன், அதற்கு முறை இருக்கிறது, குழு இருக்கிறது. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேணாம்மா, அதனால மட்டும் நான் தோக்கல, கடைசில அந்தச் சிப்பாயை விட்டது நான்தான்" என்றாள். அப்புறம் அவளே, "ஆனா சார்கிட்ட இந்த ஷீட்டைக் காட்டணும்" என்றாள். நான் வருகிறேன் என்றேன், "நீ இங்கயே இரு, நானே சொல்றேன்" என்று போய்விட்டாள். நடுவர் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தாளை நீட்டி, "சார், ரிசல்ட்டை மாத்தச் சொல்லல. அடுத்த தடவை யாராவது இப்படிச் சொன்னா ஷீட்டைப் பாருங்க சார்" என்றிருக்கிறாள். அவர் தாளை வாங்கிப் பார்த்தாராம். "சரிம்மா, போ" என்றாராம். அவ்வளவுதான், மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை.

இதைக் கேட்ட சிலர், "எவ்வளவு பொறுமைசாலிப் பொண்ணு, வாயே திறக்க மாட்டா போல" என்று பாராட்டினார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. வாயைத் திறக்காத பிள்ளையை நல்ல பிள்ளை என்று மெச்சுகிற பழக்கம் பெரியவர்களான நமக்கு நிறையவே இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பிள்ளையால் நமக்குத் தொல்லை இல்லை. என் மகள் வாயைத் திறந்தாள். ஒரு முறை ஆட்டத்தின் நடுவில், ஒரு முறை ஆட்டம் முடிந்த பிறகு. இரண்டு முறையும் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொன்னாள். அவள் பேசாமலே இருந்திருந்தால் நான் பெருமைப்பட்டிருக்க மாட்டேன், கவலைப்பட்டிருப்பேன்.

செஸ் உலகத்தில் இதேபோல் ஒரு பிரபலமான சம்பவம் உண்டு. 1994இல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில் ஜூடிட் போல்கர் என்ற ஹங்கேரியப் பெண் காஸ்பரோவோடு ஆடினார். போல்கருக்கு அப்போது 17 வயது. காஸ்பரோவ் உலகத்திலேயே பலமான ஆட்டக்காரர். அவர் ஒரு குதிரையை ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு, அது தப்பு என்று பட்டதும் எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். விரல்கள் கால் நொடி நேரம் குதிரையை விட்டிருந்தன என்பது தொலைக்காட்சிப் பதிவில் அப்புறம் தெரிந்தது. போல்கர் அந்த இடத்தில் புகார் செய்யவில்லை, ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடித் தோற்றார். அவ்வளவு பெரிய போட்டிக்கு முதல்முறையாக அழைக்கப்பட்டு வந்த பெண், உலகமே கொண்டாடுகிற ஆளுக்கு எதிராகச் சாட்சியில்லாமல் எப்படிக் கை தூக்குவது என்ற தயக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. ஆனால் அதை விழுங்கிவிட்டும் போகவில்லை. அப்புறம் ஓட்டலில் காஸ்பரோவை நேரில் பார்த்து, எனக்கு எப்படி இதைச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். தன் விரல் விலகியதே தனக்குத் தெரியாது என்பதுதான் காஸ்பரோவின் பதில்.

இந்தக் கதையை என் மகளுக்கு அவளுடைய கோச் முன்னாடியே சொல்லியிருக்கிறார். அப்போது இவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "நானா இருந்தா அங்கயே கேட்டிருப்பேன்." அது சும்மா வாய்ப்பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். எதிரே நடுவர் விரல் நீட்டி நிற்கும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இத்தனை பேர் பார்க்கும்போது, அதே பெண் கை தூக்கிக் கேட்டாள் என்றால், சொன்னதைச் செய்திருக்கிறாள். போல்கர் அதே காஸ்பரோவை 2002இல் மாஸ்கோவில் நடந்த ஒரு துரித ஆட்டத்தில் ஜெயித்தார். கோச் அந்தப் பாதியைச் சொன்னபோது இவள் கை தட்டியதும் நினைவிருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமான பகுதி.

தாளைக் காட்டிவிட்டு வந்தவள் என்னிடம் திரும்பி வரவில்லை. ஆட்டம் முடிந்த பிள்ளைகள் உட்கார்ந்து தாங்கள் ஆடியதைத் திரும்ப ஆடிப் பார்ப்பதற்கென்று வெளியில் சில பலகைகள் போட்டிருந்தார்கள். அங்கே அந்தப் பையன் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஜெயித்தவன் முகம் மாதிரியே இல்லை. இவளைப் பார்த்ததும் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு நின்றான். இவள் ஒரு பலகையின் முன்னால் உட்கார்ந்து காய்களை அடுக்க ஆரம்பித்தாள். அவனும் வந்து எதிரில் உட்கார்ந்தான். இரண்டும் பேசிக்கொள்ளவில்லை, காய்களை மட்டும் நகர்த்தின. அந்த பிஷப் கட்டம் வந்தபோது இவள் கை அங்கே நின்றது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். இவள் ஒன்றும் சொல்லாமல், தாளில் எழுதியிருந்த இரண்டாவது நகர்த்தலை வைத்துவிட்டு மேலே ஆடினாள். கடைசியில் அவன் சிப்பாயை ஓட்டிய இடத்தில், "இன்னும் சீக்கிரமாவே ஜெயிச்சிருக்கலாம், யானையை இங்க வெச்சிருந்தா" என்று காட்டினாள். அவன் "ஓ" என்றான்.

நான் பக்கத்தில் தூணோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கிறவரைக்கும் எனக்கு அந்தப் பையன் மேல் கோபம்தான் இருந்தது, மறைப்பானேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன், அவன்கிட்ட எப்படி உன்னால உட்கார்ந்து பேச முடிஞ்சுது என்று. அவள் சொன்னாள்: "அவன் பிஷப்பை வெச்சதும் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாம்மா. அங்க அவங்கப்பா நின்னுட்டிருந்தாரு. அப்பதான் திரும்ப எடுத்தான். சார் கேட்டப்பகூட அவரைத்தான் பார்த்தான். பயந்துட்டான்னு நினைக்கிறேன்."

நானும் அதே கண்ணாடிக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவனுடைய அப்பா யாரென்றுகூட நான் கவனிக்கவில்லை. இவள் ஆட்டத்தின் நடுவில், தனக்கு அநியாயம் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், எதிரே இருந்தவன் பயத்தைப் பார்த்திருக்கிறாள். அவன் செய்தது சரி என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "தப்புதான் பண்ணான்" என்று தெளிவாகச் சொன்னாள். ஆனால் தப்பு செய்தவனுக்கும் ஒரு முகம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. இருந்தாலும் அவளுடைய அம்மா என்கிற முறையில் அந்தப் பெருமையில் ஒரு பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன், யாரும் தடுக்காதீர்கள்.

பிள்ளைகளின் நியாய உணர்வைப் பற்றி ஒரு ஆராய்ச்சி உண்டு, இந்த விஷயத்துக்கு அது ரொம்பப் பொருத்தம். பீட்டர் பிளேக், கேத்ரின் மெக்காலிஃப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2011இல் வெளியிட்டது. இரண்டு குழந்தைகளை எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் மிட்டாய்களைச் சமமாக இல்லாமல் வைப்பார்கள். ஒரு குழந்தையிடம் மட்டும் கைப்பிடி இருக்கும். ஒரு பக்கம் இழுத்தால் இரண்டு பேருக்கும் அந்தந்தப் பங்கு கிடைக்கும், இன்னொரு பக்கம் இழுத்தால் யாருக்கும் கிடையாது. தனக்குக் குறைவாக வைத்தால் நாலு வயதுப் பிள்ளையே வேண்டாம் என்று தள்ளிவிடும், யாருக்கும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று. தனக்கு அதிகமாக வைத்தால்? சின்னப் பிள்ளைகள் சந்தோஷமாக எடுத்துக்கொள்கின்றன. எட்டு வயது வாக்கில்தான் அதையும் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பிக்கின்றன. அப்புறம் இதையே ஏழு நாடுகளில் செய்து 2015இல் வெளியிட்டார்கள். தனக்குக் குறைந்தால் வருகிற கோபம் ஏழு இடத்திலும் இருந்தது. தனக்குக் கூடினால் வருகிற உறுத்தல் மூன்று இடத்துப் பிள்ளைகளிடம்தான் தெரிந்தது.

எனக்கு இதிலிருந்து புரிவது இதுதான். எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று கத்துவதற்கு எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அது தானாக வந்துவிடுகிறது. அடுத்த பக்கத்திலிருந்து பார்ப்பது அப்புறம் மெதுவாக வருகிறது, எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. அந்தப் பையன் பலகைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றானே, அவனுக்கும் உறுத்தல் வந்திருக்கிறது, இல்லையென்றால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். இவள் காய்களை அடுக்கியது அவனுக்கு உட்கார ஓர் இடம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அவளிடம் இதைச் சொன்னால் "சும்மா ஆடிப் பார்த்தோம்மா" என்பாள்.

பெரியவர்கள் உலகத்தில் இப்படி ஒன்று 2010 ஜூன் 2 அன்று அமெரிக்க பேஸ்பால் ஆட்டம் ஒன்றில் நடந்தது. டெட்ராய்ட் அணியின் பந்து வீச்சாளர் அர்மாண்டோ கலராகா. ஒரு ஆட்டத்தில் எதிரணி ஆட்டக்காரர்கள் சுற்றிச் சுற்றி மட்டை பிடிக்க வருகிற 27 முறையும் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் அவுட்டாக்குவது அங்கே பெரிய சாதனை. அந்த லீக்கின் வரலாற்றில் அதுவரைக்கும் 20 முறைதான் நடந்திருந்தது. கலராகா 26 பேரை முடித்துவிட்டார். 27ஆவது ஆளும் அவுட்தான், ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் இல்லை என்று கையை விரித்துவிட்டார். அப்போது அந்த மாதிரி முடிவைப் பதிவைப் பார்த்து மாற்றும் விதி கிடையாது. கலராகா ஜாய்ஸைப் பார்த்துச் சிரித்தார். திரும்பிப் போய் அடுத்த ஆளுக்குப் பந்து போட்டார், அவுட்டாக்கினார், ஆட்டத்தை முடித்தார். பதிவைப் பார்த்ததும் ஜாய்ஸ் அழுதுவிட்டார், தான்தான் தப்பு செய்தேன் என்று எல்லோர் முன்னிலும் ஒத்துக்கொண்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் அணியின் ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுக்கப் போனவர் கலராகாவேதான், வாங்கிக்கொண்ட ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாதனை பதிவேட்டில் ஏறவே இல்லை, லீக் நிர்வாகம் முடிவை மாற்ற மறுத்துவிட்டது. இந்த மாதிரி முடிவுகளைப் பதிவைப் பார்த்துத் திருத்தலாம் என்ற விதி அப்புறம் 2014இல் வந்தது.

கலராகாவுக்குக் கிடைத்தது ஜாய்ஸ் மாதிரி தப்பை ஒத்துக்கொள்கிற ஒரு மனிதர். என் மகளுக்குக் கிடைத்தது "சரிம்மா, போ." ஒப்பிட்டுப் பார்த்தால் இவளுடைய பாடு கொஞ்சம் கஷ்டம்தான். மன்னிப்புக் கேட்கிறவரிடம் பெருந்தன்மையாக நடப்பது ஒரு வகை, கேட்காதவரிடமும் "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வருவது இன்னொரு வகை. அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்தாளாம்.

பெருந்தன்மை என்றால் முறையிடவே கூடாது என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் பிரேசிலின் வான்டர்லெய் டி லிமா முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தாண்டிய இடத்தில் ஓர் ஆள் குறுக்கே பாய்ந்து அவரைக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டான். எழுந்து ஓடி மூன்றாவதாக வந்தார், கடைசியில் கையை விமானம் மாதிரி விரித்துச் சிரித்துக்கொண்டே அரங்கத்துக்குள் வந்தார். பிரேசில் தரப்பு முறையாக மேல்முறையீடும் செய்தது, கிடைக்கவில்லை. சிரித்ததும் முறையிட்டதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று யாரும் நினைக்கவில்லை. 2016இல் ரியோவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியது அவர்தான்.

சரி, இவ்வளவு பெரிய ஆட்களோடு என் வீட்டுப் பெண்ணை வைத்துப் பேசினாலும், அவள் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை. அன்று ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தம்பி அவளுடைய பேனாவை எடுத்தான் என்று காட்டுக் கத்தல் கத்தினாள். "அந்த ரெண்டு நிமிஷம் ஏம்மா அவனுக்குக் குடுத்தாரு, நான் பொய் சொன்னேன்னு தானே அர்த்தம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தோற்றதைவிட அதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது. நான் தத்துவம் எதுவும் பேசவில்லை. "நீ பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அந்தப் பையனுக்கும் தெரியும்" என்றேன். அந்த மூன்றாவது ஆளைச் சொன்னதும் அழுகை கொஞ்சம் அடங்கியது.

அந்த அழுகையும் எனக்கு நிம்மதிதான். பிள்ளை பெருந்தன்மையாக நடந்துகொள்கிறதா, இல்லை பயந்து ஒடுங்கிப்போகிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும், இரண்டிலும் பிள்ளை அமைதியாகத்தான் இருக்கும். ஒடுங்கிப்போகிற பிள்ளை வீட்டுக்கு வந்தும் விஷயத்தைச் சொல்லாது, கேட்டால் ஒன்றுமில்லை என்று நழுவும், அடுத்த முறை அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். இவள் முழுசாகச் சொன்னாள், தன் தப்பு எது, அவன் தப்பு எது, நடுவர் தப்பு எது என்று பிரித்துச் சொன்னாள், கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்பட்டாள், அழுதாள், தூங்கினாள். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே யானையை எங்கே வைத்திருக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். இப்படி ஒரு பிள்ளை அமைதியாக இருந்தால் அதைக் கண்டு நான் பயப்பட வேண்டியதில்லை.

அவளிடம் இதையெல்லாம் நேராகவே சொன்னேன். பிள்ளையைப் புகழ்ந்தால் தலைக்கனம் வந்துவிடும் என்று பொத்திவைக்கிற ஆள் நானில்லை. ஆனால் "நல்ல பொண்ணு" என்று மொத்தமாகச் சொன்னால் எதைச் சொல்கிறேன் என்று பிள்ளைக்குத் தெரியாது, அமைதியாக இருந்ததைத்தான் அம்மா மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டுவிடும். அதனால் பிரித்துச் சொன்னேன். நீ தயங்காமல் கை தூக்கினது எனக்குப் பெருமை. அவர் திட்டியும் தொடர்ந்து ஒழுங்காக ஆடினது பெருமை. நீயே போய்த் தாளைக் காட்டினது பெருமை. அந்தப் பையனைப் பயந்த பையனாகப் பார்த்தாயே, அது எல்லாவற்றையும்விடப் பெருமை. கேட்டுக்கொண்டே நகத்தைக் கடித்தாள். "தோத்ததுக்கு ஒண்ணும் பெருமைப்படலயே?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப சரி" என்றாள்.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. அந்தப் பையனும் வருகிறான் என்று பட்டியலைப் பார்த்துச் சொன்னாள். சுற்றுகள் சரியாக அமைந்தால் எதிரெதிரே உட்காருவார்களாம். "இந்தத் தடவை ஜெயிப்பேன்" என்று மட்டும் சொன்னாள், நானும் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.